செடியை எழுத வைத்தவர்

தண்டு வெளிச்சத்தைப் பார்த்து வளரும், வேர் வெளிச்சத்தை விட்டு விலகும் என்று அறிவியலில் படித்தோம் இல்லையா? கண்ணுக்குத் தெரியாத அந்த வளர்ச்சியைச் செடியே எழுதிக் காட்டும்படி செய்தவர் நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ்.

இவர் 1858 நவம்பர் 30ல் வங்காளத்தில் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. ஆனாலும் மகனை இங்கிலீஷ் ஸ்கூலுக்கு அனுப்பாமல் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அப்பாவிடம் வேலை பார்த்தவரின் மகனும், ஒரு மீனவரின் மகனும். அவங்க சொன்ன மீன், பறவைக் கதைகளைக் கேட்டுத்தான் இவருக்கு இயற்கை மேல ஆசை வந்துச்சாம். தமிழ் மீடியம்னு நம்மளக் கேலி பண்றவங்க இதைக் கண்டிப்பா படிக்கணும்!

இங்கிலாந்தில் படித்துவிட்டு 1885ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கே வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம். போஸ் சண்டை போடவில்லை. பாடம் நடத்தினார், ஆனால் 3 வருடம் சம்பளத்தைத் தொடவே இல்லை. கடைசியில் முழுச் சம்பளம் பாக்கியோடு வந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகும் எங்கம்மாவிடம் இதைச் சொன்னேன். 3 வருசம் சோத்துக்கு என்ன பண்ணினாருன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அவருக்கு அப்பாவின் கடன் வேறு இருந்தது.

செடி ஒரு நிமிடத்தில் வளர்வதை நம்மால் பார்க்க முடியாது. அதற்காகவே கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியைச் செய்தார். அது வளர்ச்சியை 10,000 மடங்கு பெரிதாக்கும். அதாவது 1 மில்லிமீட்டர் 10 மீட்டராகத் தெரியும்! புகைக்கரி படிந்த கண்ணாடியில் ஒரு ஊசி புள்ளி வைத்துக்கொண்டே போகும். உரம், மருந்து, மின்சாரம், வெளிச்சம் ஒவ்வொன்றையும் கொடுத்துப் பார்த்தார். வெளிச்சம் பட்டதும் வளர்ச்சி மெதுவாவதை அந்தப் புள்ளிகளே காட்டின. தண்டில் வெளிச்சம் படும் பக்கம் மெதுவாகவும் மறுபக்கம் வேகமாகவும் வளர்வதால்தான் அது வளைகிறது. வேரில் இது தலைகீழ். கடுகு நாற்றின் வேர் வெளிச்சத்தை விட்டு வளைவதை டார்வின் 1880லேயே எழுதியிருக்கிறார். இப்போதும் ஆராய்ச்சிக்கூடங்களில் கண்ணாடித் தட்டில் நாற்று வளர்க்கும்போது சிலர் வேர்ப் பகுதியை மறைத்து வைக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் வேர் மண்ணுக்குள் இருப்பது போல வளராது.

நானும் 2 பாட்டிலில் வலைத்துணி கட்டி, தண்ணீர் ஊற்றி, மேலே கடுகு போட்டேன். ஒன்றுக்குக் கறுப்பு கட்டிங் வேஸ்ட் சுற்றினேன் (அது நம்ம ஊரில் சும்மாவே கிடைக்கும்). இன்னொன்றை அப்படியே ஜன்னலில் வைத்தேன். ஜன்னல் பாட்டிலில் வேர் உள்பக்கமாகத் திரும்பிவிட்டது, தண்ணீரிலும் பாசி பிடித்தது. துணி சுற்றியதில் வேர் நேராக இறங்கியது.

செடிக்கும் நமக்கு மாதிரி நரம்பு இருக்கிறது என்று போஸ் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. ஆனால் தொட்டாற்சிணுங்கியில் மின்சாரச் செய்தி ஓடுவது உண்மைதான். 1917ல் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1920ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1937 நவம்பர் 23ல் காலமானார். அவருடைய கருவிகளை அந்த நிலையத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். என்னிடம் இருப்பது ஸ்கேல்தான். பாட்டில் இரண்டும் வகுப்பு ஜன்னலில் இருக்கிறது, வேரை அளந்து பார்க்க விரும்புகிறவர்கள் மதியம் வரலாம்.