எல்லோரையும் இழந்த பிறகும் மற்றவர் துயரம் கேட்டவர்: உளநல வைத்தியர் விக்டர் ஃபிராங்க்ல்

உளவளத்துணை என்ற சொல் இன்று வடக்கு கிழக்கிலும் மலையகத்திலும் பழகிப்போன ஒன்று. யுத்தத்துக்குப் பிறகு அது வன்னிக்கு வந்தது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியபோது எங்கள் பதுளை மாவட்டத்துக்கும் வந்தது. ஊவாவின் தோட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போகும்போது இதைப்பற்றி இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறேன். யாரோ ஒருவர் உட்கார்ந்து கேட்டதால் நெஞ்சுப் பாரம் குறைந்தது என்கிறார்கள் சிலர். காணியும் வீடும் கேட்டால் மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே உண்மைதான். இந்த இரண்டையும் ஒன்றாக யோசித்த ஒரு வைத்தியரின் வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன்.

விக்டர் ஃபிராங்க்ல் 1905 மார்ச் 26 அன்று ஒஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை அரசாங்க உத்தியோகத்தர். முதலாம் உலகப் போர் அந்தக் குடும்பத்தையும் பசியில் தள்ளியது. சிறுவனாக இருந்த ஃபிராங்க்ல் பண்ணை வீடுகளில் ரொட்டி கேட்டு நின்றிருக்கிறார். பாடசாலைக் காலத்திலேயே உளவியலில் ஈடுபாடு கொண்டு, அதே நகரில் வாழ்ந்த சிக்மண்ட் ஃபிராய்டுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். பிறகு அல்ஃபிரட் அட்லரின் குழுவில் சேர்ந்தார். அங்கே கருத்து முரண்பட்டதால் 1927இல் வெளியேற்றப்பட்டார். இன்பத்தையோ அதிகாரத்தையோ விட, தன் வாழ்வுக்கு ஓர் அர்த்தம் வேண்டும் என்பதே மனிதரை அதிகம் இயக்குகிறது என்பது அவருடைய நிலைப்பாடு. தான் உருவாக்கிய சிகிச்சை முறைக்கு 'லோகோதெரபி' என்று பெயரிட்டார்.

அந்த நாட்களில் வியன்னாவில் மாணவர்களின் உயிர்மாய்ப்பு பெரும் கவலையாக இருந்தது. மருத்துவ மாணவராக இருக்கும்போதே, 1928இல், இளைஞர்களுக்கான இலவச ஆலோசனை நிலையங்களை அவர் ஒழுங்கு செய்தார். பரீட்சைப் பெறுபேறு வழங்கப்படும் காலமே ஆபத்தானது என்பதைக் கண்டு, 1930இல் அந்த நாட்களில் விசேட ஏற்பாடு செய்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு மாணவர் உயிர்மாய்ப்பு ஒன்றுகூட நிகழாத காலமாக அது அமைந்தது. புலமைப்பரிசில், சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களை வீட்டில் கடந்த எவருக்கும் இந்த ஏற்பாட்டின் பெறுமதி விளங்கும்.

1933 முதல் 1937 வரை ஸ்டைன்ஹோஃப் மனநல வைத்தியசாலையில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற பெண்களுக்கான பிரிவில் அவர் பணியாற்றினார். ஆண்டொன்றுக்குச் சுமார் 3,000 பெண்களைப் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது. தன் பேராசிரியர்களை விட இந்த நோயாளிகளிடம்தான் அதிகம் கற்றதாக அவர் கருதினார்.

1938இல் ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவுக்குள் வந்தன. யூத நோயாளிகளை மட்டுமே பார்க்க அவருக்கு அனுமதி இருந்தது. 1940இல் ரொத்சைல்ட் வைத்தியசாலையின் நரம்பியல் பிரிவுக்குப் பொறுப்பானார். மனநோயாளிகளைக் கொன்று ஒழிப்பது நாஸிகளின் கொள்கையாக இருந்த காலம் அது. நோயின் பெயரை மாற்றி எழுதிப் பலரை அவர் காப்பாற்றினார்.

அந்த வேளையில் அமெரிக்கா செல்ல விசா கிடைத்தது. தான் போய்விட்டால் வயது முதிர்ந்த பெற்றோர் முகாமுக்கு அனுப்பப்படுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தபோது, எரிக்கப்பட்ட யூத ஆலயத்தின் இடிபாடுகளிலிருந்து தந்தை எடுத்துவந்த சலவைக்கல் துண்டொன்று மேசையில் இருந்தது. அதிலிருந்த எழுத்து, தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் வேதக் கட்டளைக்குரியது. விசாவை அவர் பயன்படுத்தவில்லை. வெளிநாடு போவதா, அம்மா அப்பாவுடன் இருப்பதா என்ற கேள்வியோடு விடியும்வரை விழித்திருந்த நம்மவர்கள் எத்தனை பேர்!

1941 டிசெம்பரில் வைத்தியசாலைத் தாதி டில்லியைத் திருமணம் செய்தார். அவர்களுடைய முதல் கரு, நாஸிகளின் உத்தரவுக்குப் பயந்து கலைக்கப்பட்டது. 1942 செப்டெம்பரில் அவரும் டில்லியும் அவருடைய பெற்றோரும் தெரேசியன்ஸ்டட் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். தந்தை அங்கேயே இறந்தார். அந்த முகாமிலும் ஃபிராங்க்ல் உளமுதலுதவிக் குழுவொன்றை நடத்தினார். புதிதாக வந்து இறங்கியவர்கள் அதிர்ச்சியில் உறைந்து போகாமலிருக்க, அவர்களைச் சந்தித்துப் பேசுவது குழுவின் பணிகளில் ஒன்று. 1944 ஒக்டோபரில் அவரும் டில்லியும் ஒவுஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பிரிக்கப்பட்டார்கள். கோட்டுக்குள் தைத்து வைத்திருந்த நூல் கையெழுத்துப் பிரதி அங்கே பறிபோனது. சில நாட்களில் ஜேர்மனியிலுள்ள கட்டாய வேலை முகாம்களுக்கு அனுப்பப்பட்டார். காய்ச்சலில் கிடந்தபோது, கிடைத்த காகிதத் துண்டுகளில் அந்த நூலை மீண்டும் குறித்துவைத்தார்.

1945 ஏப்ரல் 27 அன்று விடுதலையானார். வியன்னா திரும்பிய பிறகே முழு இழப்பும் தெரிந்தது. தாயும் அண்ணன் தம்பியாகப் பிறந்த ஒரே சகோதரனும் ஒவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டிருந்தார்கள். டில்லி பேர்கன்-பெல்சனில் இறந்திருந்தார். முன்னரே வெளிநாடு போயிருந்த தங்கை மட்டுமே மிஞ்சினார். அந்த ஆண்டே ஒன்பது நாட்களில் சொல்லி எழுதுவித்த முகாம் அனுபவ நூல் பின்னர் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. தமிழிலும் வந்திருக்கிறது.

1946இல் வியன்னா பொலிகிளினிக்கின் நரம்பியல் பிரிவுக்குத் தலைவரானார். சுமார் 25 ஆண்டுகள் அங்கே இருந்தார். 1947இல் எல்லியைத் திருமணம் செய்தார். எல்லி கத்தோலிக்கர். ஒருவர் மதத்தை மற்றவர் மாற்றச் சொல்லவில்லை. 1997 செப்டெம்பர் 2 அன்று இறக்கும்வரை அந்தத் துணை நீடித்தது.

அவர் நோயாளியிடம் எப்படிப் பேசினார்? மனைவி இறந்து இரண்டு ஆண்டுகளாகியும் தேறமுடியாத முதிய வைத்தியர் ஒருவர் அவரிடம் வந்தார். ஃபிராங்க்ல் ஆறுதல் சொல்லவில்லை. நீங்கள் முதலில் இறந்திருந்தால் உங்கள் மனைவிக்கு என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் கேட்டார். இந்தத் துன்பத்தை அவள் பட்டிருப்பாள் என்று அந்த மனிதருக்குத் தானாகவே விளங்கியது. அவளுக்குப் பதிலாகத் தான் அதைச் சுமப்பதாக உணர்ந்து எழுந்து போனார். துயரம் அப்படியே இருந்தது. அதைப் பார்க்கும் பார்வை மாறியது. அர்த்தத்தை வைத்தியர் எழுதிக் கொடுக்க முடியாது, அவரவரே கண்டடைய வேண்டும் என்பது ஃபிராங்க்லின் உறுதியான கருத்து.

தம்பதியருக்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. தாம்பத்தியத்தில் சிக்கல் வரும்போது, ஒருவர் தன்னையே ஓயாமல் கவனித்துக்கொண்டிருப்பது சிக்கலை இன்னும் இறுக்குகிறது என்று கண்டார். தன்மீதுள்ள கவனத்தைத் துணையின் பக்கம் திருப்பச் செய்வதே அவர் கையாண்ட முறை. தூக்கம் வராதவரிடம், இன்றிரவு விழித்திருக்கவே முயன்று பாருங்கள் என்று சொல்வதும் அவர் வழக்கம். வராதே என்று பயப்படும்போதுதான் தூக்கம் விலகிப் போகிறது.

அவர்மீது விமர்சனங்களும் உண்டு. ரொத்சைல்ட் வைத்தியசாலையில், உயிர்மாய்க்க முயன்று நினைவிழந்து வந்தவர்களுக்கு அவர் செய்த மூளைச் சத்திரசிகிச்சைகளை வரலாற்றாசிரியர்கள் கேள்விக்குட்படுத்தியிருக்கிறார்கள். ஒரு இனம் முழுவதையும் குற்றவாளியாக்கக்கூடாது என்று போர் முடிந்த உடனேயே அவர் பேசியதை யூதர்கள் பலர் ஏற்கவில்லை. கைதிகளுக்காகத் தன் சொந்தப் பணத்தில் இரகசியமாக மருந்து வாங்கிய முகாம் அதிகாரி ஒருவரை அவர் உதாரணம் காட்டினார். குற்றம் தனிமனிதருடையது என்பதே அவர் நிலை. 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளை பிந்துனுவெவ முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். தண்டிக்கப்பட்டவர்களும் 2005இல் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். குற்றம் தனிமனிதருடையது என்றால், அந்தத் தனிமனிதர் யார் என்று கண்டறியப்பட வேண்டும். அது நடக்காத இடத்தில் அவருடைய கருத்தைப் பாதிதான் எடுத்துக்கொள்ள முடிகிறது.

ஆனால் அவர் எழுதியவற்றில் அதிகம் பேசப்படாத ஒன்று நமக்கு முக்கியமானது. தவிர்க்க முடியாத துன்பத்தில்தான் அவர் அர்த்தம் தேடச் சொன்னார். தவிர்க்கக்கூடிய துன்பம் என்றால் அதன் காரணத்தை நீக்குவதுதான் அர்த்தமுள்ள செயல் என்றார். இறந்துபோன பிள்ளையைத் திருப்பித்தர யாராலும் முடியாது. அந்தத் தாயின் அருகில் இருந்து கேட்க ஒருவர் வேண்டும். மண்சரிவு அபாயப் பகுதியென்று அடையாளமிடப்பட்ட லயனில் அவளை விட்டுவைப்பது வேறு விடயம். காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்கு என்ன நடந்தது என்று சொல்லாமலிருப்பதும் அப்படித்தான். 1977, 1983 வன்முறைகளில் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வன்னியில் குடியேறி, 2009இல் அங்கேயும் எல்லாவற்றையும் இழந்த மலையகக் குடும்பங்களுக்கு இந்த இரண்டு வகைத் துன்பமும் உண்டு.

உளவளத்துணைக்கு வரும் உத்தியோகத்தர்கள் முதலாவது வகைத் துன்பத்துக்குத் தேவை. அவர்களை நாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனம் தாளாத நேரத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். இரண்டாவது வகைத் துன்பத்துக்கு வேறு கதவுகளைத் தட்டவேண்டும், தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். அப்படித் தட்டுபவர்களை மனம் தேறாதவர்கள் என்று யாரும் பெயரிட வேண்டியதில்லை.