சொற்களைச் சேர்த்த பெனடிக்ட் விலக்காசி

மழை சடசடவென்று பெய்கிறது. மின்னல் பளிச்சென்று வெட்டுகிறது. தலைமைச் சகோதரி நுழைந்ததும் வகுப்பறை கப்சிப்பென்று ஆகிவிடுகிறது. நாள்தோறும் நம் வாயில் வரும் இச்சொற்களும் மொழியின் செல்வமே என்று நாம் எண்ணியதுண்டா? அவ்வாறு எண்ணி உழைத்த ஓர் அறிஞரின் வாழ்க்கையை இங்கே காண்போம்.

பெனடிக்ட் வாலட் விலக்காசி, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள குரூட்வில் என்னும் ஊரில் 1906-ஆம் ஆண்டு பிறந்தார். பாந்து மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜூலுவே அவருடைய தாய்மொழி. பத்து வயது வரை மாடு மேய்த்துக்கொண்டே மிஷன் பள்ளியில் படித்தார். பின்பு மரியன்ஹில்லில் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய புனித பிரான்சிஸ் கல்லூரியில் சேர்ந்தார். பதினேழு வயதிலேயே ஆசிரியர் சான்றிதழ் பெற்று, அங்கும் இக்சோப்போ குருமடத்திலும் கற்பித்தார். ஆசிரியப் பணிக்கிடையே தாமே படித்து, 1934-இல் பி.ஏ. பட்டமும் பெற்றார். மறு ஆண்டு அவருடைய ஜூலு கவிதை நூல் வெளிவந்தது.

பிறகு ஜோகன்னஸ்பர்க்கிலுள்ள விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் ஜூலு கற்பிக்கச் சென்றார். வெள்ளையருக்கான பல்கலைக்கழகத்தில் கற்பித்த முதல் கறுப்பின ஆசிரியர் அவரே. ஆயினும் நிறத்தின் காரணமாக விரிவுரையாளர் என்ற பதவி அவருக்குத் தரப்படவில்லை. மொழி உதவியாளர் என்றே வைத்திருந்தார்கள். அந்த அவமதிப்பால் அவர் சோர்ந்துவிடவில்லை. பேராசிரியர் கிளெமென்ட் டோக்குடன் சேர்ந்து ஜூலு–ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுக்கலானார்.

நம் மொழியைப் போலவே ஜூலுவிலும் ஒலிக்குறிப்புச் சொற்கள் ஏராளம். பேரமைதியைக் குறிக்கும் ஒரு சொல், நாம் இரக்கப்பட்டு உச்சுக்கொட்டும் ஒலியோடு தொடங்குகிறது! மோட்டார் சைக்கிளுக்கு அவர்கள் இட்ட பெயர் 'இசிதுதுது'. நாம் சடசட என்பதோடு 'என்று' சேர்ப்பதுபோல, அவர்களும் இத்தகைய சொற்களைச் சொல்லுதல் என்னும் பொருளுடைய வினையோடு இணைத்தே பேசுகிறார்கள். இவை தனியொரு சொல்வகை என்று 1935-இல் இலக்கணம் வகுத்தவர் டோக். அகராதியிலும் மற்றச் சொற்களோடு இவை சரியாசனம் பெற்றன.

1946-இல் விலக்காசி முனைவர் பட்டம் பெற்றார். தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தவரில் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. மறு ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள், மூளையுறைக் காய்ச்சலால் தமது 41-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். தாம் கல்வி கற்ற மரியன்ஹில்லிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அகராதி அச்சேறியது 1948-இல். தம் பெயர் தாங்கிய அந்நூலை அவர் கண்ணால் காணவில்லை.

சொவெட்டோவில் இன்று ஒரு தெரு அவர் பெயரால் விளங்குகிறது. நோபல் அமைதிப் பரிசு பெற்ற மண்டேலாவும் பேராயர் டூட்டுவும் வாழ்ந்த தெரு அது.

அன்புத் தோழியரே, பாட்டியின் பேச்சைக் கேட்டுச் சில வேளைகளில் நாம் சிரித்துவிடுகிறோம். இன்று மாலை வீடு சென்றதும் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அவர் அருகே அமர்வோம். அவர் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லும் விடாமல் எழுதி வைப்போம்.