சோதித்துப் பார்த்துச் சொன்ன மேதை: இப்னுல் ஹைதம்

அபூ அலி அல்-ஹஸன் இப்னுல் ஹைதம் ஹிஜ்ரி 354-இல் (கி.பி. 965) இராக்கின் பஸ்ரா நகரில் பிறந்தார். கணிதத்திலும் வானவியலிலும் அவர் பெற்ற புகழ் எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய கலீஃபா அல்-ஹாகிமின் செவிக்கு எட்டியது. நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த வழியுண்டு என்று அவர் கூறியிருந்ததால், கலீஃபா அவரை அழைத்து அப்பணியை ஒப்படைத்தார்.

அஸ்வானுக்குத் தெற்கே சென்று நதியை நேரில் கண்டதும், தம் திட்டம் நிறைவேறாது என்பதை உணர்ந்தார். வழியெங்கும் வானளாவிய கட்டடங்களை எழுப்பிய முன்னோர், இது இயலுமானால் அன்றே செய்திருப்பார்களே என எண்ணினார். திரும்பி வந்து தோல்வியை ஒப்புக்கொண்டார். பின்னர் கலீஃபாவின் சினத்துக்கு அஞ்சி, சித்தம் கலங்கியவர் போல் நடித்தார் என்றும், 1021-இல் கலீஃபா மறையும் வரை வீட்டுக் காவலில் இருந்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

மனிதன் எவ்வாறு பார்க்கிறான் என்பதே அவர் ஆராய்ந்த பெரிய கேள்வி. கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுகின்றன என்று யூக்ளிடும் தாலமியும் கூறியிருந்தனர். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக இவர் அதை ஏற்கவில்லை. கடும் ஒளியை நோக்கினால் கண் கூசி வலிக்கிறது; ஆகவே ஒளிதான் கண்ணுக்குள் வருகிறது என்று காட்டினார்.

அத்துடன் நிற்கவில்லை. இருட்டறைக்கு வெளியே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் ஏற்றி, ஒரு சிறு துளை வழியே ஒளியை உள்ளே விட்டார். சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஒளிப்புள்ளி தனித்தனியே தோன்றியது. ஒரு விளக்கை மறைத்தார். அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. மறைப்பை நீக்கினார், அதே இடத்தில் அது திரும்பியது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது, ஒரே துளையில் சந்தித்தாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பது இதனால் உறுதியாயிற்று.

இவற்றையெல்லாம் 'கிதாபுல் மனாஸிர்' என்னும் ஏழு பாக நூலில் எழுதினார். தாலமியின் வானவியல் மீதான ஐயங்களைத் தனி நூலாக்கினார். முன்னோர் கூற்றை மட்டுமன்றி, ஆராய்பவர் தம் சொந்தக் கருத்தையும் ஐயுற்றுச் சோதிக்க வேண்டும் என்பது அவரது கொள்கை. நைல் நதிக்கரையில் அவர் செய்ததும் அதுவே அல்லவா?

கெய்ரோவில் நூல்களைப் பிரதியெடுத்து வாழ்ந்த அவர், 1040-ஆம் ஆண்டளவில் காலமானார். பாரசீகத்தின் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸி அவர் வழியைத் தொடர்ந்து வானவில்லை ஆராய்ந்தார். லத்தீனில் பெயர்க்கப்பட்ட அவரது நூல் 1572-இல் பாஸல் நகரில் அச்சாகி, ஐரோப்பிய அறிஞர்களின் கைகளை அடைந்தது.

நம் பிள்ளைகள் "ஏன்?" என்று கேட்கும்போது வாயை அடைக்காமல், வா, சேர்ந்து சோதித்துப் பார்ப்போம் என்போம். ஓர் இருட்டறையும் இரண்டு விளக்குகளும் போதும்.