தாழை மரத்தடியில் தங்கியவர்

பசிபிக் பெருங்கடலின் நடுவே இருப்பவை ஹவாய்த் தீவுகள். அவற்றில் ஒன்று மொலோகாய். அதன் வடக்கு ஓரத்தில், கடலுக்குள் நாக்கை நீட்டியதுபோல ஒரு சிறு நிலப்பகுதி இருக்கிறது. மூன்று பக்கமும் கொந்தளிக்கும் கடல். நான்காவது பக்கம் 600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் சுவர்போல நிற்கும் மலை. அங்கே கொண்டுபோய் விட்டால் தப்பி வருவது மிகக் கடினம்.

சிறைச்சாலையா என்று கேட்கிறீர்களா? இல்லை. தொழுநோய் வந்தவர்களை அனுப்பி வைத்த இடம் அது.

அப்போது ஹவாய் தனி நாடாக இருந்தது. அதை ஆண்டவர் ஐந்தாம் கமேஹமேஹா மன்னர். வெளிநாட்டுக் கப்பல்கள் வரத் தொடங்கிய பிறகு, அதுவரை அந்த மக்கள் அறியாத நோய்கள் பலவும் பரவின. தொழுநோயும் அவற்றில் ஒன்று. அதற்கு மருந்து கிடையாது. பயந்துபோன அரசாங்கம் 1865ல் ஒரு சட்டம் போட்டது. நோய் கண்டவர்களைப் பிடித்துத் தனியே வைக்க வேண்டும் என்பதே அந்தச் சட்டம். 1866 ஜனவரியில் முதல் கூட்டம் மொலோகாயில் இறக்கிவிடப்பட்டது. தாயைப் பிரிந்த குழந்தைகளும், குழந்தையைப் பிரிந்த தாய்மார்களும் அங்கே வந்தார்கள். இதனால் அந்த ஊர் மக்கள் இந்த நோய்க்கு, பிரித்துவிடும் நோய் என்று பொருள்படும் பெயரையே வைத்துவிட்டார்கள்.

அங்கே போனவர்கள் தாங்களே பயிர் செய்து சாப்பிட்டுக்கொள்வார்கள் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டிருந்தார்கள். விரல்கள் தேய்ந்துபோனவர்கள் எப்படி மண்வெட்டி பிடிப்பார்கள்? இதைக்கூட யோசிக்கவில்லை!

இனி நாம் பெல்ஜியம் நாட்டுக்குப் போக வேண்டும். அங்கே ட்ரெமலோ என்ற கிராமத்தில் 1840 ஜனவரி 3ம் தேதி யோசேப் தெ வூஸ்டர் பிறந்தார். வீட்டில் அவர் ஏழாவது குழந்தை. அப்பா தானிய வியாபாரி. மகன் தன் தொழிலைப் பார்த்துக்கொள்வான் என்று அவர் நினைத்திருந்தார். யோசேப்போ அண்ணனைப் பின்பற்றித் துறவு மடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வைத்த பெயர்தான் டேமியன்.

ஹவாய்க்குப் போக வேண்டியவர் உண்மையில் டேமியன் அல்ல. அவருடைய அண்ணன் பாம்ஃபில். கப்பலில் இடம்கூட ஏற்பாடாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அண்ணனுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. உடனே தம்பி, உள்ளூர்த் தலைவரைக் கேட்காமல், பாரிஸில் இருந்த பெரிய தலைவருக்கே நேராகக் கடிதம் எழுதிவிட்டார். அண்ணனுக்குப் பதிலாகத் தன்னை அனுப்பும்படி கேட்டிருந்தார். அனுமதியும் வந்தது. அப்போது அவர் பாதிரியார் பட்டம்கூட வாங்கியிருக்கவில்லை. மேலதிகாரிகளுக்கு எரிச்சல் வந்திருக்காதா என்ன!

பனாமா கால்வாய் இல்லாத காலம் அது. தென் அமெரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிக்கொண்டு, ஏறக்குறைய ஐந்து மாதம் பயணம் செய்து, 1864 மார்ச் 19ம் தேதி ஹொனலூலு நகரை அடைந்தார். மே மாதம் பாதிரியார் ஆனார். ஒன்பது ஆண்டுகள் ஹவாய்ப் பெருந்தீவில் ஊர் ஊராகச் சுற்றினார். அந்த மக்களின் மொழியைக் கற்றுக்கொண்டார். மரம் சுமந்து, ஆணி அடித்துத் தானே சிறு ஆலயங்களைக் கட்டினார். தன்னிடம் வந்துகொண்டிருந்தவர்களில் சிலரைத் தொழுநோய் என்று சொல்லிப் பிடித்துப் போவதையும் கண்ணால் பார்த்தார்.

1873ல் பிஷப் தன் பாதிரியார்களைக் கூட்டினார். மொலோகாய்க்கு யாராவது போக வேண்டும். ஆனால் ஒருவரையே அங்கே நிரந்தரமாக இருக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நான்கு பேர் முறை வைத்துப் போய்வருவதாக முடிவாயிற்று. முதல் முறை டேமியனுடையது. மே 10ம் தேதி அங்கே இறங்கினார். வயது 33.

ஆலயம் ஒன்று ஏற்கனவே இருந்தது. ஆனால் பாதிரியார் தங்க வீடு இல்லை. பக்கத்தில் ஒரு தாழை மரம் நின்றது. நம் கடற்கரைகளில் மணக்கும் தாழம்பூவின் இனத்தைச் சேர்ந்த மரம்தான். முதல் சில நாட்கள் அந்த மரத்தடியிலேயே படுத்து உறங்கினார்.

முறை முடிந்தும் அவர் திரும்பவில்லை. தன்னை இங்கேயே விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். சில மாதங்களில் சுகாதார அதிகாரிகள், அவர் அந்த இடத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்று தடை போட்டார்கள். அந்தத் தடை பின்னால் தளர்ந்தது. அதற்கு முன் ஒரு சம்பவம் நடந்தது. கத்தோலிக்கப் பாதிரியார்களும் தங்கள் குற்றங்களை இன்னொரு பாதிரியாரிடம் ரகசியமாகச் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டும். டேமியனின் தலைவர் ஒருமுறை கப்பலில் வந்தார். அவரைக் கரையில் இறங்க விடவில்லை. டேமியனைக் கப்பலில் ஏறவும் விடவில்லை. டேமியன் சிறு படகில் நின்றபடி, கப்பலில் இருந்தவர் காதில் விழும்படி தன் குற்றங்களை உரக்கக் கத்திச் சொன்னார்!

அவர் அங்கே செய்த வேலைகளைப் பாருங்கள். அரசாங்கத்திடம் கேட்டுக் குழாய்கள் வாங்கி, நோயாளிகளோடு சேர்ந்து பள்ளத்தாக்கிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். 1874ல் புயற்காற்று குடிசைகளைப் பிய்த்துப் போட்டபோது, மரப்பலகை கேட்டுத் தொல்லை கொடுத்து, வாங்கி, வீடுகள் கட்டினார். புண்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். முன்பெல்லாம் இறந்தவர்களை ஆழமில்லாமல் புதைத்துவிட்டுப் போவார்கள்; பன்றிகள் வந்து கிளறும். டேமியன் சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார், கல்லறைக்கு வேலியும் போட்டார். பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு விடுதி ஏற்படுத்தினார். பாட்டுக் குழுவும், வாத்தியக் குழுவும் உண்டாயின.

எல்லாவற்றையும் விடப் பெரியது சாப்பாட்டு விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. சேப்பங்கிழங்கு வகை ஒன்றை வேகவைத்து இடித்து, களிபோலச் செய்வது ஹவாய் மக்களின் உணவு. ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் கைவிட்டு எடுத்துச் சாப்பிடுவார்கள். டேமியன் அந்தப் பாத்திரத்தில் தானும் கைவிட்டார். பிரசங்கம் செய்யும்போதும் நோயாளிகளாகிய நீங்கள் என்று சொல்லாமல், நோயாளிகளாகிய நாம் என்றே ஆரம்பம் முதல் பேசினார்.

1881ல் இளவரசி லிலியுகலானி அங்கே வந்தார். அந்தக் காட்சியைக் கண்டு அவருக்குப் பேச்சே வரவில்லை. பிறகு டேமியனுக்கு அரசாங்கப் பதக்கம் ஒன்று வந்தது.

1884 டிசம்பரில் ஒருநாள் டேமியன் சூடான நீரில் காலை வைத்தார். தோல் கொப்பளித்துப் போயிற்று. ஆனால் சுடவே இல்லை! தொழுநோய் முதலில் உணர்ச்சியைத்தான் கொல்லும். தனக்கு என்ன வந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. நாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது 11 ஆண்டுகளில் உண்மையாகிவிட்டது.

தனியாக இவ்வளவு காலம் போராடியவருக்குக் கடைசியில் துணை கிடைத்தது. 1886ல் அமெரிக்காவின் முன்னாள் போர்வீரர் ஜோசப் டட்டன் வந்தார். 1888ல் கன்னியர் மரியான் கோப் வந்து பிள்ளைகளின் பொறுப்பை ஏற்றார். டேமியன் 1889 ஏப்ரல் 15ம் தேதி, 49வது வயதில் இறந்தார். அதே தாழை மரத்தடியில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் குறையே இல்லாதவரா? அல்ல. பிடிவாதக்காரர்; சட்டென்று கோபப்படுவார்; அதிகாரிகளோடு ஓயாமல் சண்டை. அவர் இறந்ததும் ஹொனலூலுவில் இருந்த ஹைட் என்ற போதகர், டேமியன் அழுக்கானவர், முரட்டுத்தனமானவர் என்றெல்லாம் இழிவாக எழுதினார். அதற்குப் பதில் கொடுத்தவர் யார் தெரியுமா? புதையல் தீவு கதையை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன்! அவர் டேமியன் இறந்த மறுமாதமே மொலோகாய் போய் ஒரு வாரம் தங்கி நேரில் விசாரித்தவர். டேமியனின் குறைகளை மறைக்காமலேயே, வசதியான வீட்டில் உட்கார்ந்திருந்த ஹைட் செய்யாத வேலையை அவர் செய்தார் என்று 1890ல் காரசாரமாக எழுதினார்.

ஒரு விந்தை: டேமியன் மொலோகாயில் இறங்கிய அதே 1873ல்தான், நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். நல்ல மருந்து வர 1940கள் ஆயின. இந்த நோய் எளிதில் ஒட்டாது, மருந்தால் முழுவதும் குணமாகும் என்பது இன்று நமக்குத் தெரியும். ஹவாயில் தனிமைச் சட்டம் 1969ல்தான் நீங்கியது. அதற்குள் சுமார் 8,000 பேர் அங்கே அனுப்பப்பட்டிருந்தார்கள்.

டேமியனின் நாட்டிலிருந்து நம் ஊருக்கும் ஆட்கள் வந்தார்கள். 1955ல் மதுராந்தகம் அருகே பொலம்பாக்கத்தில், பெல்ஜிய மருத்துவர் ஹெமரிக்ஸ் தொழுநோய் மையம் தொடங்கினார். நோயாளிகளை ஓரிடத்தில் அடைக்காமல், கிராமம் கிராமமாகப் போய் மரத்தடியில் வைத்தியம் பார்ப்பது அவர் வழக்கம்.

1936ல் பெல்ஜியம் அரசு டேமியனின் உடலைக் கேட்டு வாங்கி, கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் லூவன் நகரில் அடக்கம் செய்தது. மொலோகாய் மக்களுக்கு அது பெரிய வருத்தம். 2009ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அதற்கு முன்பே, 1995ல், அவருடைய உடலின் ஒரு பகுதி மொலோகாய்க்குத் திரும்பி வந்து பழைய கல்லறையிலேயே வைக்கப்பட்டது. அது அவருடைய வலது கை.