உள்ளே போனது போய்ச் சேர்ந்துச்சா?

தூத்துக்குடியில் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க: சிப்பிக்குள்ள முத்து இருக்கான்னு தெரியணும்னா சிப்பியைத் திறந்துதான் பார்க்கணும். நூறு வருஷத்துக்கு முன்னாடி பித்தப்பைக்கும் இதே கதைதான். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். பித்தப்பை தெரியாது, பெரும்பாலான பித்தக்கற்களும் தெரியாது. டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் வயிற்றைத் திறந்துதான் பார்க்கணும்.

இதை மாற்றியவர் எவார்ட்ஸ் கிரஹாம். 1883-ல் சிகாகோவில் பிறந்தார், அப்பாவும் சர்ஜன். மருத்துவம் முடித்த பிறகு வேதியியலும் படித்தார். 1919-ல் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர் ஆனார்.

அவர் யோசனை ரொம்ப சிம்பிள். சில சாயங்களைக் கல்லீரல் ரத்தத்திலிருந்து எடுத்துப் பித்தநீரில் விடும்னு ஏற்கெனவே தெரியும். அந்தச் சாயத்தில் அயோடின், புரோமின் மாதிரி கனமான அணுக்களைச் சேர்த்தால்? அது எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும், பித்தப்பை படத்தில் விழும். இளம் டாக்டர் வாரன் கோலோடு சேர்ந்து நாய்களில் சோதித்தார். திரும்பத் திரும்பத் தோல்வி. ஒரே ஒரு நாய்க்கு மட்டும் நிழல் விழுந்தது. விசாரிச்சா, அன்னிக்கு அதுக்குச் சாப்பாடு வைக்க மறந்துட்டாங்களாம்! சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிடும், சாயம் அதில் தங்காது. இன்னைக்கும் வயிற்று ஸ்கேனுக்கு உங்களை வெறும் வயிற்றோடு வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

1924-ல் மனிதர்களிடமும் இது வேலை செய்தது. முதலில் ஊசி, பிறகு வாய்வழி. அங்கேதான் சிக்கல். வாந்தி வந்தாலோ, குடல் சரியாக உறிஞ்சாவிட்டாலோ படத்தில் நிழல் இருக்காது. அப்போ பித்தப்பையில் நோயா, இல்ல மருந்தே போய்ச் சேரலையா? நன்றாக உறிஞ்சப்படும் மாத்திரைகள் வர இன்னும் பல வருஷம் ஆச்சு. கல்லீரல் எம்ஆர்ஐக்காகக் குடிக்கும் மாங்கனீசு மருந்திலும் இதே போராட்டம்தான். குடல் மாங்கனீசை ரொம்பக் கொஞ்சமாகவே எடுக்கும். அதனால உறிஞ்சுதலைக் கூட்ட அலனைனும் வைட்டமின் டி3-யும் சேர்க்கிறாங்க.

1933-ல் புற்றுநோய் வந்த ஒரு நுரையீரலை முழுசாக எடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தவரும் கிரஹாம்தான். 1950-ல் எர்ன்ஸ்ட் வைண்டரோடு சேர்ந்து, சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். அவரே நிறைய சிகரெட் பிடித்தவர். முதலில் அதை நம்பவே இல்லை. டேட்டாவைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார், சிகரெட்டையும் விட்டார். ஆனா லேட். 1957-ல் அதே நோய் அவரைக் கொண்டுபோனது. அவர் காப்பாற்றிய அந்த நோயாளி அப்போதும் உயிரோடு இருந்தார்.

உள்ளே போவது எங்கே போய்ச் சேருதுன்னு வாழ்நாள் முழுக்கத் தேடியவர் அவர். டீக்கடையில் அடுத்த சிகரெட்டைப் பற்றவைக்கும் முன்னாடி அவரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.