முக்கோணங்களால் மண்ணளந்த லாம்ப்டன்

செஞ்சிக்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூர் வட்டாரத்தில் பாறைக் குன்றுகளுக்குக் குறைவில்லை. ஒரு குன்றின் மேல் நின்று மற்றொரு குன்றைக் காண்பது எளிது. இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைப் பிழையின்றிக் கூறுவதோ அரிது. ஏரியும் வயலும் முட்காடும் குறுக்கிடும். காலால் நடந்து அளக்க இயலாத அத்தொலைவைக் கண்ணாலும் கணக்காலும் அளந்தறிவதையே தம் வாழ்வாகக் கொண்டவர் வில்லியம் லாம்ப்டன்.

இங்கிலாந்தின் யார்க்சயர்ப் பகுதியில், 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எளிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். படையிற் சேர்ந்து அமெரிக்கா சென்றார். 1781-இல் யார்க்டவுனில் சிறைப்பட்டார். விடுதலைக்குப் பின் கனடாவில் பல்லாண்டுகள் படைவீட்டுப் பொறுப்பாளராகத் தனிமையிற் கழித்தார். பிறர் வீண் என்று எண்ணத்தக்க அக்காலத்தைக் கணிதம் கற்கப் பயன்படுத்திக்கொண்டார். 1799-இல் சீரங்கப்பட்டணப் போரின்போது, இரவில் நடந்த படை திசைமாறிப் பகைவர் பக்கம் செல்வதை விண்மீன்களைக் கொண்டு உணர்ந்து எச்சரித்தார் என்பர்.

போர் முடிந்ததும், தீபகற்பத்தைக் குறுக்காக அளக்கும் திட்டத்தை அவர் முன்வைத்தார். சென்னை அரசின் நிதிக்குழுவில் ஒருவர் அதை எள்ளினார். சீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னாலே போதும், அவர்களுக்கு வழி தெரியும் என்பது அவர் வாதம். லாம்ப்டன் தேடியதோ ஊருக்குச் செல்லும் வழியை அன்று, உலகின் வடிவை. இலண்டனில் செய்யப்பட்டு, அரை டன் எடை கொண்ட தியோடலைட் என்னும் கோணமளக்கும் கருவி கடல்வழி வந்தபோது பிரெஞ்சுக்காரர் கையிற் சிக்கி மொரீசியசுக்குச் சென்றது. பின்னர் அவர்களே அதைச் சென்னைக்கு அனுப்பிவைத்தனர்.

1802 ஏப்ரல் 10-ஆம் நாள் பரங்கிமலை அருகே பணி தொடங்கியது. நூறடி நீள எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப நீட்டி, வெயிலில் இரும்பு விரிவதையும் கணக்கிற்கொண்டு, ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோடு அளக்கப்பட்டது. பெரும்பாடு இவ்வளவே. அதன்பின் தரையிற் சங்கிலி இழுக்க வேண்டியதில்லை. அக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குன்றொன்றை நோக்கிக் கோணங்களை அளந்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். மூன்றாவது கோணம், 180 பாகையிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் வரும். பக்கங்கள் தத்தம் எதிர்க்கோணங்களின் சைன் அளவுக்கேற்ப அமைவதால், அறிந்த ஒரு பக்கத்தைக் கொண்டு அறியாத இரண்டையும் பெறலாம். ஒரு பக்கம் 10 மைல், அதன் எதிர்க்கோணம் 70 பாகை, மற்றவை 60, 50 என்றால், ஏனைய பக்கங்கள் ஏறத்தாழ 9.2 மைலும் 8.15 மைலும் ஆகும். அவ்வாறு கண்ட பக்கமே அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடாகும்.

இங்ஙனம் முக்கோணங்கள் கருங்குழிக் குன்று வழியாகத் தெற்கே வளர்ந்து, கடலூரை அடுத்த திருவந்திபுரத்தை எட்டின. திண்டிவனத்து மண்ணும் அச்சங்கிலிக்கு இடைப்பட்டதே. ஏறத்தாழ ஒன்றரைப் பாகை நீளமுள்ள அந்த வில்லிலிருந்து புவியின் வளைவை அவர் கணித்தார். ஆயின் முதற்கோட்டில் ஒரு பிழை இருந்தால் அது எல்லா முக்கோணங்களிலும் தொடர்ந்து வரும். எனவே 1804-இல் பெங்களூர் அருகே மற்றொரு கோட்டை நேரே அளந்து சோதித்தார். ஏழு மைலில் வேறுபாடு நான்கு அங்குலத்திற்கும் குறைவு! சென்னைக்கும் மங்களூருக்கும் இடைப்பட்ட அகலம், பழைய படங்கள் காட்டிய 400 மைல் அன்று, 360 மைலே என்பதும் தெளிவாயிற்று.

குன்றில்லாத காவிரிச் சமவெளியில் கோபுரங்களே அவருக்குக் குன்றுகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது கருவியை ஏற்றுகையில் கயிறு அறுந்து, அது சுவரில் மோதி உருக்குலைந்தது. ஆறாண்டு உழைப்பிற்குத் துணையான கருவி அது. லாம்ப்டன் யாரையும் பார்க்காமல் கூடாரத்துள் அமர்ந்து, ஆறு வாரங்கள் வளைந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக நிமிர்த்தி, மீண்டும் பயன்படச் செய்தார்.

இவ்வளவை கும்பினியின் ஆட்சிக்கும் வரிவிதிப்பிற்கும் துணைநின்றது என்பதை மறைப்பதற்கில்லை. குன்றுகளின் உச்சியில் கொடிபிடித்து நின்ற நம் நாட்டு உழைப்பாளிகளின் பெயர்கள் நினைவில் நிற்கவில்லை என்பதும் வருந்தத்தக்கது. ஆயினும் அந்த மனிதரின் நேர்மை வேறு வகையில் எண்ணத்தக்கது. ஒன்றரை இலட்சம் சதுர மைலுக்கும் மேற்பட்ட நிலத்தை முக்கோணங்களால் பிணைத்த பின், 1823 சனவரி 20-ஆம் நாள், நாகபுரிக்குச் செல்லும் வழியில் இங்கன்காட்டில், பணியின் நடுவே அவர் மறைந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து எவரெசுட்டு தொடர்ந்தார்; முக்கோணங்கள் இமயம் வரை சென்றன.

இமயத்தை எட்டிய அந்தக் கணக்கிற்குப் பரங்கிமலை அடிவாரத்து ஏழரை மைலே தொடக்கம். பாட்டுக்கும் முதல் அடி உண்டு. அது பொய்யாயின் பின்வருவன அனைத்தும் பொய்க்கும் என்பதைப் புலவர்க்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.