புளோரென்ஸ் ஆலயத்தில் ஓர் அந்நியப் பெண்

1975ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், எலிசபெத் ஆன் சீற்றன் அம்மையாரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்தவர்களுள் இம்மகிமையைப் பெற்ற முதலாமவர் இவரே. ஆயினும் இவர் கத்தோலிக்கராய்ப் பிறந்தவரல்லர். தமது 29ஆம் வயதிலே, பிறதேசத்து ஆலயமொன்றில் அந்நியராய் நுழைந்தவர்.

1774ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் திகதி நியூயோர்க்கில், அங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த மதிப்புமிக்க குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 1794இல் வில்லியம் சீற்றன் என்ற வணிகரை மணந்து ஐந்து பிள்ளைகளுக்குத் தாயானார். பிள்ளைகளோடு தவித்த ஏழை விதவைகளுக்கென 1797இல் நியூயோர்க்கில் சங்கமொன்று தொடங்கப்பட்டபோது அதில் முன்னின்று உழைத்தார். தாமும் ஒருநாள் அவர்களில் ஒருவராவார் என்று அப்போது எண்ணியிரார்.

கணவரின் வியாபாரம் நொடித்தது. சயரோகமும் அவரைப் பற்றிக்கொண்டது. இத்தாலியின் வெப்பம் சுகம் தருமென நம்பி, 1803 ஒக்டோபரில் மூத்த மகள் அன்னாவுடன் மூவருமாகக் கப்பலேறினர். ஆனால் நியூயோர்க்கில் மஞ்சட் காய்ச்சல் பரவியிருந்தமையால், லிவோர்னோ துறைமுகத்தில் அவர்களை இறங்கவிடாது, தொற்றுநோய்த் தடுப்பு மனையில் ஒரு மாதமளவு அடைத்துவைத்தனர். குளிரும் ஈரமும் நிறைந்த கல்லறை வீடு போன்ற அவ்விடத்தில் நோய் முற்றியது. வெளியே வந்து எட்டாம் நாள், டிசெம்பர் 27ஆம் திகதி, பீசா நகரில் வில்லியம் உயிர் நீத்தார்.

கைம்பெண்ணாய் நின்ற எலிசபெத்தையும் எட்டு வயது மகளையும், கணவரின் வணிக நண்பர்களான பிலிக்கி சகோதரர் தம்மவராய் ஏற்றுக்கொண்டனர். தடுப்பு மனைக்கு உணவு அனுப்பியவர்களும் அவர்களே. அவர்கள் உறுதியான கத்தோலிக்கர். மறையைப் பற்றி விளக்கமளிக்குமுன் உணவும் உறைவிடமும் அளித்தனர்.

1804 சனவரியில் அக்குடும்பத்தினர் அவரைப் புளோரென்சுக்கு அழைத்துச் சென்றனர். அங்கே மரியன்னை மங்கள வார்த்தை பெற்றதை நினைவுகூரும் அனுன்சியாத்தா ஆலயத்தின் திரையை விலக்கி உள்ளே நுழைந்தார். மங்கிய மெழுகுதிரி ஒளியில் நூற்றுக்கணக்கானோர் முழந்தாளில் இருந்தனர். முதியோரும் இளையோரும் பலதரப்பட்டோரும் கலந்திருந்தனர். வந்தவர் யாரென்று எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணிற்பட்ட முதல் வெற்றிடத்தில் எலிசபெத் முழந்தாளிட்டார். அடக்கிவைத்திருந்த துயரமெல்லாம் அங்கே கண்ணீராய்ப் பெருகியது.

அவ்வாண்டு யூன் மாதம் நாடு திரும்பியதும் போராட்டம் தொடங்கியது. உறவினர் தடுத்தனர், அவரது போதகரும் தடுத்தார். தமது சபையின் ஆலயத்தில் இருந்தபடியே, அடுத்த வீதியிலிருந்த கத்தோலிக்க ஆலயத்தின் பக்கம் முகம் திருப்பி, அங்குள்ள நற்கருணை நாதரோடு மனத்தாற் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் புனித இராயப்பர் ஆலயமே அந்நாளில் நகரின் ஒரே கத்தோலிக்க ஆலயம். அங்கு வந்தவர்களிற் பெரும்பாலோர், அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். அவருடைய வகுப்பினர் அவ்வாசலை மிதிக்கவும் கூசினர். 1805 மார்ச் 14ஆம் திகதி அந்த ஏழைகளின் ஆலயத்திலே அவர் திருச்சபையிற் சேர்ந்தார். மார்ச் 25ஆம் திகதி, மங்கள வார்த்தைத் திருநாளன்று, முதன் நன்மை பெற்றார்.

உற்றார் பலர் ஒதுங்கினர். பிழைப்புக்கும் வழி குன்றியது. 1808இல் போல்ரிமோர் சென்று பாடசாலை நடத்தினார். அடுத்த ஆண்டு எமிற்ஸ்பேர்க்கில் பிறரன்புச் சகோதரிகள் சபையை நிறுவி, ஏழைச் சிறுமியருக்குக் கட்டணமின்றிக் கல்வியளித்தார். 1821 சனவரி 4ஆம் திகதி, 46ஆம் வயதில், இறைவனடி சேர்ந்தார்.

அன்பான வாசகர்களே, தர்க்கங்கள் பின்னரே வந்தன. ஒரு குடும்பத்தின் விருந்தோம்பலும், ஆலயத்தில் முழந்தாளிட ஓரிடமுமே முதலில் அவருக்குக் கிடைத்தன. வருகிற ஞாயிறு எமது ஆலய வாசலிலும் முன்பின் அறியாத ஒருவர் தயங்கி நிற்கக்கூடும். அவரை ஏற இறங்கப் பார்க்காமல், வாங்கில் சற்றே நகர்ந்து இடம் கொடுப்போம்.